சேலைக்காரர் போட்ட முதல் முகம்

என் தங்கை கணவர் கண்ணுச்சாமியைப் பற்றி யாராவது 'பாவம், வாயில்லாப் பூச்சி' என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை நான் சொல்லலாம், என் தங்கை அன்னக்கொடி சொல்லலாம். ஊர்க்காரனுக்கு என்ன வந்தது? அவர் எனக்கு அத்தை மகன், அப்புறம்தான் தங்கை புருஷன். இரண்டு வகையிலும் அவரைக் கிண்டல் பண்ணுகிற உரிமை எனக்குத்தான் உண்டு. வேறு யாராவது ஆரம்பித்தால் அடிதடிதான்.

நான் மலையாண்டி. கோச்சடையில் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பிடு எதுவானாலும் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் என்னுடையதுதான். சத்தம் போட்டே பிழைக்கிறவனுக்குச் சத்தமே இல்லாத ஒரு மாப்பிள்ளை. என்ன செய்ய!

கண்ணுச்சாமியின் அப்பாவுக்கு வைகைக் கரையில் கொஞ்சம் நெல்வயல் இருந்தது. இவரை வயலில் இறக்கினால் வரப்பில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அத்தை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சிம்மக்கல் பக்கம் வீரணன் பேனர் கம்பெனியில் விட்டாள். சினிமாத் தியேட்டர் வாசலில் வீட்டு உயரத்துக்கு நிற்குமே படங்கள், அவற்றை வரைகிற இடம். அங்கே போனவர் பதினெட்டு வருஷம் சேலை வரைந்தார்.

சேலை வரைந்தார் என்றால் சேலை மட்டும்தான். பேனர் ஒரே ஆள் செய்கிற வேலை இல்லை. போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, முதலில் ஒருவர் கோடு இழுப்பார். பிறகு எந்த இடம் யாருக்கு என்று சாக்பீஸால் ஓர் எழுத்து எழுதிவிடுவார்கள். வானம், மலை, மோட்டார் பைக் எல்லாம் 'பா', அது பால்பாண்டி. சேலை, சட்டை, நகை எல்லாம் 'க', அது நம்மாள். முகத்தில் மட்டும் 'வீ'. முகம் முதலாளி வீரணனுக்கு. எல்லா வேலையும் முடிந்த பிறகு அவர் குளித்து, திருநீறு பூசி, சூடம் காட்டிவிட்டுச் சாரத்தில் ஏறுவார். மற்றவர்கள் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே நின்று பார்ப்பார்கள். வேறு யாரும் முகத்தைத் தொடக் கூடாது. எந்தக் கம்பெனியிலும் அப்படித்தான்.

ஒரே ஒரு தடவை மாப்பிள்ளை தொட்டிருக்கிறார். சேர்ந்த புதிதில், கதாநாயகிக்குப் பின்னால் குடத்தோடு நிற்கிற தோழி ஒருத்தியின் முகத்தைப் போட்டுவிட்டார். வீரணன் பார்த்தார். திட்டவில்லை. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தார். "ஒனக்கு மொகம் வராதுப்பா. சேலை வருது. சேலையோட நில்லு" என்றார். அதை இந்த மனிதர் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். எனக்கு அங்கேதான் கோபம். திட்டியிருந்தால்கூட ரோஷம் வந்திருக்கும்!

அன்னக்கொடியிடம் கல்யாணமான புதிதிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். அவள் வாய் சும்மா இருக்குமா? அன்று ஆரம்பித்தவள்தான். தியேட்டர் பக்கம் போகும்போதெல்லாம், "இந்தச் சேலை எங்க வீட்டு ஆளு வரைஞ்சது. மூஞ்சியும் அவுகளே வரைஞ்சிருந்தா இம்புட்டுக் கேவலமா இருக்காது" என்று டிக்கெட்டுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

எண்பத்திரண்டில், பொங்கல் முடிந்த கையோடு, சாம்பசிவம் என்று ஒருவர் என் கடையைத் தேடி வந்தார். சென்னையில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர். பெரிய கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை. தியேட்டர் வாசலில் அண்ணாந்து நின்று, "இந்தச் சேலையை வரைஞ்சது யாரு?" என்று விசாரித்து, விசாரித்து, கோச்சடை வரைக்கும் வந்துவிட்டார். முகத்தை வரைந்தது யார் என்று கேட்டு வருகிறவர்கள் ஏகப்பட்ட பேர். சேலையைக் கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு அவரைத் தங்கை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

விஷயம் இதுதான். ஆற்றோரம் மூடிக் கிடந்த கடலை எண்ணெய் மில்லைச் சாம்பசிவமும் அவருடைய நண்பர்களும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கலைஞர்கள் கொஞ்சம் பேர் அங்கேயே முகாம் போட்டுத் தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, பங்குனி வரைக்கும் வேலை செய்ய வேண்டும். செய்வது இதுவரை அவர்கள் செய்யாத புது வேலையாக இருக்க வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். துணி, பெயிண்ட், சாப்பாடு எல்லாம் முகாம் செலவு.

"என்ன படம் சார் வரையணும்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"உங்களுக்கு என்ன தோணுதோ, அது."

"போட்டோ குடுத்துருவீங்களா?"

"போட்டோ எதுக்கு?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அன்னக்கொடி கத்தினாள்: "வாரேன்னு சொல்லு மாமா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

வாரேன் என்றார்.

மறுநாள் வீரணனிடம் லீவு கேட்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். வீரணன் கெட்டவர் இல்லை. ஆனால் தன் கம்பெனி ஆளை வேறொருவர் கூப்பிட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. "போறதுன்னா போ. திரும்பி வந்து இந்த வாசல்ல நிக்காத" என்றார். பிறகு, "சேலையத்தான பாத்துக் கூப்பிட்டாக? மொகத்த யாரு போடுவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொண்டு, என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் கேட்டார்: "மச்சான், அங்கன நானே முழுப் படமும் போடலாம்ல?"

"போடேன்."

"மொகமும்?"

பதினெட்டு வருஷமாக இந்த ஆள் உள்ளுக்குள் இதை வைத்துக்கொண்டா இருந்தார்! இனி கம்பெனியும் கிடையாது. முகம் வந்தால் அவர் ஓர் ஓவியர். வராவிட்டால் வீரணன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அவர் பிரஷ்ஷைத் தொடவே மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

முகாம் என்றால் முகாம், அப்படி ஒரு கும்மாளம்! மில்லுக்குக் கரண்ட் லைன் இழுத்துக் கொடுத்தவன் நான் என்பதால் தினமும் பல்பு மாட்டுகிற சாக்கில் போய்விடுவேன். சுவரிலெல்லாம் இன்னும் பழைய கடலைப் பிண்ணாக்கு வாசம். ஒருவர் வைகை மணலை வண்டி வண்டியாகக் கொட்டி அதில் படுத்து எழுந்து, பதிந்த தடத்தில் சுண்ணாம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பழைய சைக்கிள் செயின் கேட்டு என் உயிரை வாங்கினார். மேலமாசி வீதி பஞ்சாபகேசன் என்கிற வங்கி ஆபீசரின் மகள் ஜானு, மில்லில் கிடந்த கிழிந்த சாக்குகளையெல்லாம் ஒன்றோடொன்று தைத்துக் கூரை உயரத்துக்குத் தொங்கவிட்டாள். வெயில் அதன் வழியே இறங்கினால் தரையெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். "நல்லாருக்கா அண்ணே?" என்று கேட்பாள். எனக்கு அது என்னவென்று புரியவில்லை, ஆனால் அதன் அடியில் நின்றால் விட்டு வர மனசு வராது.

சாம்பசிவம் முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லவும் கூடாது. கேட்டால் மட்டும் பேசலாம்.

அது மாப்பிள்ளைக்கு வினையாகப் போயிற்று. அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். சட்டம் அடித்து, பன்னிரண்டடித் துணியை இழுத்துக் கட்டி, அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். போட்டோ இல்லை, கட்டம் இல்லை, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜானுவுக்கு ஊசி கோத்துக் கொடுப்பார், மணல்காரருக்குத் தண்ணீர் தூக்குவார், திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். மற்றவர்கள் வேலை வளர்ந்துகொண்டே போனது, இவர் துணி மட்டும் வெறுமனே நின்றது.

ஒரு மத்தியானம் அன்னக்கொடி அயிரை மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வெறும் துணியைப் பார்த்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள். சுங்குடிச் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தாள். கோச்சடையில் எல்லோருக்கும் தெரியும், அன்னக்கொடி முந்தானையைச் செருகினால் எதிரில் நிற்கக் கூடாது. நான் ஒதுங்கிவிட்டேன். மாப்பிள்ளை ஒதுங்கவில்லை. அவள் பேசியது எதுவும் அவர் காதில் விழுந்ததாகவும் தெரியவில்லை. முந்தானை செருகின இடத்தில் சேலை எப்படிச் சுருங்கி விரிகிறது என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புடியே நில்லு புள்ள" என்றார். எழுந்தார். கரித்துண்டை எடுத்தார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை! சிவப்புச் சுங்குடி, அதில் வெள்ளைப் புள்ளிகள். துணி மடிகிற இடத்தில் புள்ளி நசுங்கும், இழுபட்ட இடத்தில் நீளும், இடுப்புக்குக் கீழே காற்றில் அலையும். ஒரு கை இடுப்பில், ஒரு கை முன்னால் நீண்டு. முழங்கையில் கண்ணாடி வளையல் ஏறி நிற்கிறது. சாப்பாட்டு மணி அடித்தாலும் இறங்க மாட்டார். ஜானு வந்து வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, துணி சரசரக்கிறது காதுல விழுது" என்றாள். சாம்பசிவம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

காட்சிக்கு முந்தின நாள், சனிக்கிழமை. மாப்பிள்ளை ஏணியை விட்டு இறங்கினார். பிரஷ்ஷையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவினார், துடைத்தார், டப்பாவில் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு, "முடிஞ்சுது மச்சான், வா, டீ குடிப்போம்" என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வரைக்கும் படம் இருந்தது. அதற்கு மேலே கூந்தல், காது, காதில் தோடு. நடுவே வெறும் துணி. அதில் சாக்பீஸால் 'வீ' என்று எழுதியிருந்தது.

"மாப்ள, மூஞ்சி எங்க?"

"அத அண்ணன் வந்து…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அந்த எழுத்தை எப்போது எழுதினார் என்று அவருக்கே தெரியவில்லை. பழகின கை, எழுதிவிட்டது. அண்ணன் என்று அவர் கூப்பிடுகிற வீரணன் வரப்போவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பசிவம் டெல்லிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய கண்காட்சிகள் நடத்துகிறவராம். படத்தைப் பார்த்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். டெல்லிக்காரர் இங்கிலீஷில் படபடவென்று பேசினார். சாம்பசிவம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணுச்சாமி! முகத்தை விட்டுட்டீங்களே, எப்படித் தோணுச்சு? எத்தனையோ பெண்களுக்கு முகமே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு. இதை டெல்லிக்கு எடுத்துக்கிறேங்கிறார்!"

டெல்லி! நான் மாப்பிள்ளையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். ஜானு கைதட்டினாள். மில் முழுவதும் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு என்னிடம், "மச்சான், நான் விடலையே. எனக்கு மொகம் வராதுன்னுல்ல வெறுமையாக் கெடக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தில் நான்கு குழாய்களைக் கட்டினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். மேடை கிடையாது. படத்துக்குப் பக்கத்திலேயே மைக்கை நிறுத்தி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிக்கொண்டிருந்தபோது அன்னக்கொடி வந்தாள். தலைக்குக் குளித்து, அதே சிவப்புச் சுங்குடியைக் கட்டியிருந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"அடியாத்தி! என்னது, முண்டமா நிக்கிறா?"

"டெல்லிக்குப் போகுது புள்ள. இப்புடியே இருக்கணுமாம்" என்றேன் நான்.

அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "மாமா, இப்புடி விடணும்னு நீயா நெனச்சியா?"

"இல்ல."

"பின்ன?"

"மொகம் வராது புள்ள. அண்ணன் அன்னைக்கே சொன்னாருல்ல."

போச்சு. முந்தானையை இழுத்துச் செருகினாள். "யாரு அண்ணன்? எவரு அண்ணன்? ஒன் கையில என்ன இருக்குன்னு அந்த வீரணனுக்கு என்ன தெரியும்? ஒருக்காப் போட்ட மூஞ்சியத் தொடச்சுப்புட்டு, பதினெட்டு வருசமா சேலையவே வரைய விட்டாரே, இன்னொருக்காப் போடுடான்னு சொல்ல அந்த மனுசனுக்கு வாய் வரலையா? பழகாம எந்தக் கைக்கு வரும்? தனக்குப் போட்டியா வந்துருவேன்னு பயம்! நீயும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிக்கிட்டு…"

மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் எழுத்தைத் துணியால் துடைத்தார். பிரஷ்ஷை எடுத்து ஏணியில் ஏறினார். கட்டம் போடவில்லை. நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்தேன்.

"நிறுத்தாத புள்ள. வையி!" என்றார் மேலே இருந்து.

"வையத்தான் போறேன்! எனக்கென்ன பயமா?" என்று அவள் இன்னும் குரலை ஏற்றினாள்.

சாம்பசிவம் அலறியடித்துக்கொண்டு வந்தார். "வேண்டாம் கண்ணுச்சாமி! ஐயையோ, கெட்டுடும்!" ஜானு குறுக்கே போய் நின்றாள். "சார், நீங்க சொன்ன விதிதான் சார். அவர் வேலை." சாம்பசிவம் அப்படியே நின்றார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு வந்து ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். கூடவே வந்திருந்த டெல்லிக்காரர் இரண்டு கையையும் விரித்துவிட்டு வெளியே போனார்.

புருவம் விழுந்தது. ஒன்று மேலே ஏறியும் ஒன்று இறங்கியும். மூக்கு விடைத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் கவனிக்கிறேன், மில் வாசலில் திமுதிமுவென்று கூட்டம். நாலு மணிக்குத்தானே காட்சி, காலையிலேயே ஏன் வருகிறார்கள்? ஆற்றில் துணி துவைத்தவர்கள் ஈரக்கையோடு நிற்கிறார்கள். பால்பாண்டி மூச்சு வாங்க ஓடி வருகிறான். "அண்ணே, மைக்கு! மைக்கு!" என்கிறான்.

மைக்கை நான் அணைக்கவே இல்லை! அவள் போட்ட சத்தத்தில் வெளியே குழாயில் வந்த சத்தம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வீரணனை அன்னக்கொடி வைத வசவெல்லாம் நான்கு குழாயிலும் கோச்சடை முழுக்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறது!

ஓடிப்போய் அணைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் வீரணன். பழைய ஆள் கண்ணுச்சாமி கூப்பிட்டானே, நாலு மணிக்குக் கூட்டமாக இருக்கும், காலையிலேயே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பால்பாண்டியோடு வந்தவர், மெயின் ரோட்டிலேயே தன் பெயரைக் கேட்டிருக்கிறார். கூட்டம் வழி விட்டது. அன்னக்கொடி சட்டென்று வாயை மூடிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். மேலே மாப்பிள்ளை எதையும் கவனிக்கவில்லை. கடைசியாகக் கீழ் உதட்டில் ஒரு தீற்றுத் தீற்றிவிட்டு, ஏணியில் ஒரு படி இறங்கினார்.

அப்போதுதான் எல்லோரும் முழு முகத்தையும் பார்த்தோம். பேச்சுக்கு நடுவில் திறந்த வாய். பல் தெரிகிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கண்ணில் அப்படி ஒரு ஆத்திரம். அந்த ஆத்திரத்துக்கு அடியில் எந்த நிமிஷமும் உடைந்துவிடும்போல அழுகை. என் தங்கையை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவள் வையும்போது அழுகையை அடக்கிக்கொண்டுதான் வைகிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வீரணன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே படத்துக்கு முன்னால் போய் அண்ணாந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போதும் தாயி," என்றார் அந்த முகத்தைப் பார்த்து. "வையாத. வராதுன்னு நான்தான் சொன்னேன். தப்புத்தான்."

அவர் குரலைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை திரும்பினார். தன் முதலாளி தான் வரைந்த முகத்தோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கையிலிருந்த பிரஷ் நழுவி என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. ஏணிப்படியிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். கூட்டம் விசிலடித்தது. ஜானு குதித்தாள். நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அழாத மாப்ள, மொகம் வந்துருச்சு மாப்ள, அழாத" என்று கத்திக்கொண்டே நானும் அழுதேன்.